ஹேண்டில்பார், ஸ்டெம் மாற்றலாமா? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எம்டிபி ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எம்டிபி, அதாவது மவுண்டன் பைக் என்று பெயர்தான். ஆனால் தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்கோ, கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டைப் பக்கமோ கிளம்பினால், மலையும் மண் பாதையும் வருவதற்குள் தார் ரோட்டில் வெகுநேரம் ஒரே பிடியில் உட்கார்ந்து மிதிக்க வேண்டியிருக்கிறது. வண்டியோடு வந்த நேர் ஹேண்டில்பார் இந்த இரண்டு வேலைக்கும் சேர்த்துச் செய்யப்பட்டதல்ல. கை மரத்துப்போகிறது, தோள்பட்டை வலிக்கிறது, இறக்கத்தில் தலைகுப்புற விழுந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஸ்டெம் என்பது ஹேண்டில்பாரை ஃபோர்க்கின் உச்சியோடு இணைத்துப் பிடிக்கும் குட்டைத் துண்டு.

ஹேண்டில்பாரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா?

சில சமயம் ஆகும். பல சமயம் மாற்றவே தேவையிருக்காது. பணம் செலவழிப்பதற்கு முன் காசில்லாத மூன்று வேலைகளைச் செய்து பாருங்கள்.

முதலில் சீட். அதன் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், அந்த எடையைக் கை தாங்கும். சீட்டை மட்டமாக வைத்தாலே பாதிப் பேருக்குக் கை வலி குறைந்துவிடுகிறது. அடுத்தது பிரேக் லீவரின் சாய்வு. கடையில் மாட்டிக் கொடுக்கும்போது லீவர் தரைக்கு இணையாக நீட்டிக்கொண்டோ, தொங்கிக்கொண்டோ இருக்கும். சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டும்போது முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் வருகிற மாதிரி லீவரைத் திருப்புங்கள். இதற்கு ஒரு எல்-கீ போதும். மூன்றாவது, டயரின் காற்று. தார் ரோட்டுக்காக 55, 60 பிஎஸ்ஐ அடித்துவிட்டு அப்படியே சரளையில் இறங்கினால் எந்த ஹேண்டில்பாரும் உங்களைக் காப்பாற்றாது. ட்யூப் உள்ள 2.1 அங்குல டயருக்கு, சராசரி எடையுள்ள ஆளுக்கு, மண் பாதையில் 30, 35 போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் பிரச்சினை இருந்தால் மேலே படியுங்கள்.

என் கை மரத்துப்போகிறது. எந்த ஹேண்டில்பார் வாங்குவது?

எந்த விரல் மரக்கிறது என்பதைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்தால் அது அல்னார் நரம்பு. மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம், உள்ளங்கையின் அடிமேட்டை ஒட்டிப் போகும் நரம்பு அது. மெல்லிய உருளையான கிரிப்பில், அதாவது கைப்பிடி உறையில், உடம்பின் எடை நேராக அந்த மேட்டில் விழும்போது நசுங்குகிறது. இதற்கு முதல் மருந்து ஹேண்டில்பார் இல்லை, கிரிப். வெளிப்பக்கம் இறக்கை மாதிரி அகன்று, உள்ளங்கையைத் தாங்குகிற கிரிப்புகள் கிடைக்கின்றன. எடை பரவிவிடும். விலையும் பாரைவிடக் குறைவு.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் அது மீடியன் நரம்பு. மணிக்கட்டு பின்பக்கம் மடங்கியே இருப்பதால் வருவது. லீவரின் சாய்வையும் ஹேண்டில்பாரின் உயரத்தையும் பாருங்கள்.

மரத்துப்போவது இல்லை, மணிக்கட்டின் வெளிப்பக்கத்தில் ஒரு குத்தல் வலி என்றால்தான் ஹேண்டில்பாரின் வளைவைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு பேனாவை முஷ்டிக்குள் சாதாரணமாகப் பிடித்து, கையை முன்னால் நீட்டிப் பாருங்கள். பேனா நேர்க்கோட்டில் குறுக்காக நிற்காது. வெளிமுனை உங்களை நோக்கிச் சாய்ந்து நிற்கும். கையின் இயல்பு அது. நேர் ஹேண்டில்பார் இந்தச் சாய்வைப் பிடுங்கிக்கொண்டு மணிக்கட்டை இயல்புக்கு மாறாகத் திருப்பி வைக்கிறது. மலை இறக்கத்தில் பத்து நிமிடம் தாங்கும். ஓசூர் ரோட்டில் இரண்டு மணி நேரம் தாங்காது.

சைக்கிளை விட்டு இறங்கி ஒரு நாள் ஆகியும் மரத்த உணர்வு போகவில்லை என்றால், சைக்கிள் கடைக்கு அல்ல, டாக்டரிடம் போங்கள்.

பேக்ஸ்வீப் என்கிறார்களே, அது எத்தனை டிகிரி இருக்க வேண்டும்?

ஹேண்டில்பாரின் நடுப்பகுதி நேராக இருக்க, இரண்டு முனைகளும் ஓட்டுபவரை நோக்கிப் பின்னால் வளைந்து வரும் அளவுதான் பேக்ஸ்வீப். இன்றைய எம்டிபி பார்களில் பெரும்பாலும் 7 முதல் 9 டிகிரி. பந்தயத்துக்கும் செங்குத்தான இறக்கத்துக்கும் முழங்கை வெளியே விரிந்து நிற்க வேண்டும், அதற்கு இந்த அளவு பொருத்தம்.

அடுத்த படி 12 முதல் 17 டிகிரி. எஸ்க்யூலேப் நிறுவனம் 12, 16 டிகிரி அளவுகளில் செய்கிறது. சால்சாவின் பெண்ட் 2 என்ற பார் 17, 23 என்று வந்தது. அதற்கும் அப்பால் சர்லி மொலோக்கோ, 34 டிகிரி. எல்லையில் நிற்பது அமெரிக்காவின் ஜெஃப் ஜோன்ஸ் வடிவமைத்த பார், 45 டிகிரி.

என் கருத்து: தார் ரோடும் மண் பாதையும் கலந்து ஓட்டுகிற இந்தப் பக்கத்து ஆட்களுக்கு 12க்கும் 16க்கும் இடையில் போதும். மணிக்கட்டு ஓய்வாக இருக்கும், எழுந்து நின்று மிதிக்கும்போதும் இறங்கும்போதும் பிடி நழுவாது. 45 டிகிரி பாரை நாள் முழுக்க நிதானமாகப் போகிறவர்கள், மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் விரும்புவார்கள். அதைப் போட்டுக்கொண்டு பாறைப் படிகளில் இறங்கினால் முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும், வண்டியைப் பக்கவாட்டில் சாய்க்கச் சிரமமாக இருக்கும்.

பாரை மாற்றினால் ஸ்டெம்மையும் மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் ஆம். எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான்.

ஹேண்டில்பார் வேறு, ஸ்டெம் வேறு என்று நினைத்துத் தனித்தனியாக வாங்குகிறார்கள். உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். உடம்புக்குத் தெரிவது ஒரே ஒரு விஷயம், உள்ளங்கை எங்கே இருக்கிறது என்பது. உள்ளங்கையை அந்த இடத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் பாரும் ஸ்டெம்மும் சேர்ந்து செய்கிற வேலை. ஆகவே முதலில் கை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பிறகு பாரைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டெம்மின் நீளம் கடைசியில், கணக்குப் போட்டு வருவது.

கணக்கு இப்படி. பாரின் வளைவு தொடங்கும் இடத்திலிருந்து உள்ளங்கையின் நடு வரை 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 8 டிகிரி பாரில் உங்கள் கை நேர்க்கோட்டிலிருந்து சுமார் 3.5 செ.மீ. பின்னால் இருக்கும். 16 டிகிரி பாரில் ஏறக்குறைய 7 செ.மீ. ஆக, பாரை மட்டும் மாற்றினால் கை மூன்றரை செ.மீ. உங்களை நோக்கி வந்துவிடும். வண்டி திடீரென்று குட்டையானது போல இருக்கும். ஏற்றத்தில் எழுந்து மிதித்தால் முழங்கால் பாரில் இடிக்கும். 60 மிமீ ஸ்டெம் இருந்த இடத்தில் 90 போட்டால்தான் ஏறக்குறைய பழைய இடம் திரும்பக் கிடைக்கும்.

ஆனால் எல்லாப் பாரும் நடுவிலிருந்தே பின்னால் வளைவதில்லை. சில பார்கள் முதலில் கொஞ்சம் முன்னால் போய், பிறகு பின்னால் திரும்பும். அவற்றில் இழப்பு குறைவு. அதனால் டிகிரியை மட்டும் நம்பாமல் அளந்து பாருங்கள். பழைய பாரைக் கழற்றி, தரையில் விரித்த செய்தித்தாளில் வைத்து, ஸ்டெம் பிடிக்கும் நடுப்பகுதியின் மையக்கோட்டை அளவுகோலால் இரண்டு பக்கமும் நீட்டிக் கோடு போடுங்கள். உள்ளங்கை வரும் இடத்தில் அந்தக் கோட்டிலிருந்து பின்னால் எவ்வளவு தூரம் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புதிய பாரையும் அதே தாளில் வைத்து அதையே செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்டெம்மில் சேர்க்க வேண்டும். புதிய பார் கையில் இல்லை என்றால், தயாரிப்பாளர்கள் தரும் வரைபடத்தை வைத்தும் இதைச் செய்யலாம்.

நீளமான ஸ்டெம் போட்டால் ஸ்டியரிங் மந்தமாகிவிடும் என்கிறார்களே?

நேர் பாரில் அது உண்மை. பின்வளைந்த பாரில் பாதிதான் உண்மை.

ஸ்டியரிங் எப்படி இருக்கிறது என்பதைப் பெரிதும் முடிவு செய்வது, ஃபோர்க் திரும்பும் அச்சிலிருந்து கை எவ்வளவு முன்னால் இருக்கிறது, எவ்வளவு அகலத்தில் இருக்கிறது என்பவைதான். 90 மிமீ ஸ்டெம்மில் 16 டிகிரி பார் மாட்டினால், கை இருக்கும் இடம் 60 மிமீ ஸ்டெம்மில் 8 டிகிரி பார் மாட்டியதற்கு நெருக்கமானதுதான். வெளியிலிருந்து பார்ப்பவர் "என்ன இது, பழைய காலத்து வண்டி மாதிரி இவ்வளவு நீள ஸ்டெம்" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும்.

யூடியூபில் எல்லோரும் 35 மிமீ ஸ்டெம் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

உங்கள் வண்டியின் சட்டம் எந்தக் காலத்து வடிவம் என்பதைப் பொறுத்தது.

1990களில் எம்டிபி என்றால் 120 முதல் 150 மிமீ ஸ்டெம், 60 செ.மீ. கூட இல்லாத ஒடுக்கமான பார். சட்டம் குட்டை, அந்தக் குறையை ஸ்டெம் ஈடுகட்டியது. அப்புறம் வடிவமைப்பாளர்கள் சட்டத்தை முன்பக்கம் நீட்டினார்கள், ஃபோர்க் நுழையும் ஹெட் ட்யூபைச் சாய்த்தார்கள், பாரை அகலமாக்கினார்கள். அந்த அளவுக்கு ஸ்டெம் குட்டையானது. இன்றைய டிரெயில் வண்டியில் 35 முதல் 50 மிமீ ஸ்டெம் இருப்பது இந்த மாற்றங்களோடு சேர்ந்த கணக்கு.

நம் ஊரில் அதிகம் ஓடும் ஆரம்ப விலை வண்டிகள் பலவற்றின் சட்டம் இன்னும் பழைய பாணிதான். ஹெட் ட்யூப் செங்குத்தாக, சட்டம் குட்டையாக இருக்கும், 80, 90 மிமீ ஸ்டெம்மோடு வரும். அதில் 35ஐப் போட்டால் கை 5 செ.மீ. பின்னால் வரும். முன்சக்கரத்தில் எடை குறையும். வத்தல்மலை மாதிரி கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏற்றத்தில், வளைவின் உள்பக்கம் செங்குத்தாக எழும்பும் இடத்தில், முன்சக்கரம் தூக்கிக்கொண்டு எங்கோ போகும். அதைச் சரிக்கட்ட மூக்கைக் கொண்டுபோய் ஸ்டெம்மின் மேல் வைக்க வேண்டியிருக்கும்.

அப்படிப்பட்ட வண்டியில் 90ஐ 70 ஆக்குங்கள், கூடவே பாரைக் கொஞ்சம் அகலமாக்குங்கள். இறக்கத்தில் நல்ல வித்தியாசம் தெரியும், ஏற்றமும் கெடாது. பாரை 2 செ.மீ. அகலமாக்கினால் ஸ்டெம்மை 1 செ.மீ. குறைக்கலாம் என்பது பலரும் பின்பற்றும் தோராயக் கணக்கு. கை வெளியே விரிய விரிய உடம்பு முன்னால் இழுக்கப்படும், அதை ஈடுகட்டத்தான்.

அகலம் எவ்வளவு?

கடைகளில் 780, 800 மிமீ எல்லாம் கிடைக்கின்றன. எல்லோருக்கும் அது வேண்டாம். தரையில் குப்புறப் படுத்து, தண்டால் எடுக்கக் கையை வசதியாக எங்கே ஊன்றுவீர்களோ, அந்த இரண்டு உள்ளங்கைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்தால் தொடங்க ஒரு எண் கிடைக்கும். நடுத்தர உயர ஆணுக்கு 720 முதல் 760, உயரம் குறைந்தவர்களுக்கும் பெண்கள் பலருக்கும் 680 முதல் 720.

இங்கே இன்னும் இரண்டு விஷயம் உண்டு. பாலக்கோடு சந்தை ரோட்டிலும் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் மாம்பழ சீசனில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், மினி லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் 78 செ.மீ. என்பது பெரிய அகலம். இன்னொன்று வீட்டுக்கதவு. இரண்டரை அடிக் கதவு என்றால் 76 செ.மீ. தினமும் ராத்திரி வண்டியைக் கோணலாகத் திருப்பித் திருப்பி உள்ளே கொண்டுபோக வேண்டும், சுவரில் கிரிப்பின் கறுப்புக் கோடு விழும், வீட்டில் பேச்சு வாங்க வேண்டும்.

அகலமாக வாங்கி வெட்டிக்கொள்ளலாம், ஒடுக்கமானதை நீட்ட முடியாது. வெட்டுவதற்கு முன் கிரிப், லீவர் எல்லாவற்றையும் 1 செ.மீ. உள்ளே தள்ளி ஒரு வாரம் ஓட்டுங்கள். பிடித்தால் இன்னும் கொஞ்சம். கை அடங்கிய பிறகு வெட்டுங்கள். அலுமினியத்துக்கு ஹாக்சா பிளேடு போதும், விளிம்பை அரம் போட்டு மழுக்கிவிட்டு முனையில் மூடியைக் கட்டாயம் போடுங்கள். மூடியில்லாத பார்முனை விழும்போது வயிற்றில் குத்திக் கிழித்துவிடும்.

குனிந்து ஓட்ட முடியவில்லை. உயரத்தைக் கூட்ட எது நல்லது: ஸ்பேசரா, ஸ்டெம்மைத் திருப்புவதா, ரைஸர் பாரா?

இருக்கிற ஸ்டெம்மைக் கவிழ்த்துப் போடுவது முதலில். பல ஸ்டெம்கள் 6 அல்லது 7 டிகிரிச் சாய்வோடு வருகின்றன. கீழ்நோக்கி மாட்டியிருந்தால் கவிழ்த்தால் மேல்நோக்கிப் போகும். 90 மிமீ ஸ்டெம்மில் ஏறக்குறைய 2 செ.மீ. உயரம் இலவசம்.

ஸ்டெம்முக்கு மேலே ஸ்பேசர் என்ற வளையம் இருந்தால் அதைக் கீழே மாற்றலாம். ஆனால் ஹெட் ட்யூப் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் 3 செ.மீ. உயர்த்தினால் கை 1 செ.மீ. பின்னாலும் வரும். அது வேண்டுமென்றால் சரி. வேண்டாமென்றால் ரைஸர் பார்தான் வழி. 20, 30, 40 மிமீ உயர்வில் கிடைக்கும், நீளத்தை அதிகம் தொடாமல் உயரத்தை மட்டும் கூட்டும்.

ஒரு எச்சரிக்கை. பார் மிக உயர்ந்தால் தார் ரோட்டில் சுகம், மண் வளைவில் முன்சக்கரம் பிடிமானம் இழக்கும். தொடக்கத்தில் சீட்டும் பாரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கட்டும்.

டிராப் பார், பட்டாம்பூச்சி பார், லூப் பார் என்று விதவிதமாக இருக்கிறதே. எது உபயோகம்?

ரோடு பந்தய வண்டிகளில் இருப்பது போல முனைகள் கீழ்நோக்கி வளைந்த டிராப் பார் போட்டு மண்ணில் ஓட்டுவது புதிதல்ல. அமெரிக்க வீரர் ஜான் டோமாக், ரோடு பந்தயத்திலும் ஓட்டிக்கொண்டிருந்த 1990இல், எம்டிபியிலும் டிராப் பார் மாட்டி ஓட்டினார். ஆனால் உங்கள் வண்டியில் மாட்டுவது வேறு கதை. எம்டிபி பாரில் லீவர் பிடிக்கும் இடத்தின் விட்டம் 22.2 மிமீ, டிராப் பாரில் 23.8. உங்கள் பிரேக் லீவரும் கியர் மாற்றும் ஷிஃப்டரும் அதில் ஏறாது. ரோடு லீவர் வாங்கினால் அது இழுக்கும் கேபிள் நீளம் வி-பிரேக்குக்குப் பத்தாது. கியருக்குக் கியர் சங்கிலியை நகர்த்தும் டீரெய்லரோடும் ஒத்துப்போகாமல் போகலாம். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் இன்னொரு பழைய வண்டி வாங்கும் செலவாகிவிடும். எம்டிபி சட்டம் ரோடு வண்டியின் சட்டத்தைவிட நீளம் என்பதால், டிராப் பாரின் முன் பிடிக்குக் கை எட்டுவதும் கஷ்டம். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பட்டாம்பூச்சி பார் எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்துப் பின்பக்கம் திறந்துவிட்டது போல இருக்கும். இதில் எம்டிபி லீவர்கள் அப்படியே ஏறும். பல இடத்தில் பிடிக்கலாம், விலையும் குறைவு. ஓசூரிலிருந்து தளி, தேன்கனிக்கோட்டை என்று நல்ல ரோட்டில் நாள் முழுக்கப் போகிறவர்களுக்கு நல்ல சாமான். ஆனால் முன்பக்கப் பிடியில் கை இருக்கும்போது பிரேக் எட்டாது. சந்துக்குச் சந்து நாய் ஓடிவருகிற ஊரில் இதை நினைவில் வையுங்கள். கரடுமுரடான இறக்கத்தில் துள்ளவும் செய்யும்.

ஜோன்ஸ் பாரின் லூப் வகையில் முன்னால் ஒரு வளையம் இருக்கும். எதிர்காற்றில் அதைப் பிடித்துக் குனிந்துகொள்ளலாம், பையும் கட்டலாம். நல்ல வடிவம், விலைதான் உறுத்தும்.

இவ்வளவும் வேண்டாம், பிடியை மாற்றி மாற்றிப் பிடிக்க ஒரு வழி போதும் என்றால் இருக்கிற பாரிலேயே பார்-எண்ட் என்ற சின்னக் கொம்புகளை மாட்டுங்கள். பழைய பாணி என்று சிரிப்பார்கள். பென்னாகரம் ரோட்டில் இரண்டாவது மணி நேரத்தில் யார் சிரிக்கிறார்கள் பார்க்கலாம். கொம்பைக் கிரிப்பின் உள்பக்கம், லீவரை ஒட்டி மாட்டுகிறவர்களும் உண்டு. புதரில் மாட்டாது, பிரேக்கும் விரலுக்கு எட்டும்.

ஆன்லைனில் வாங்கினால் என் வண்டியில் பொருந்துமா?

ஸ்டெம் பாரைப் பிடிக்கும் இடத்தின் விட்டத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். பழையதும் மலிவானதும் 25.4 மிமீ. இப்போது அதிகம் புழங்குவது 31.8. விலை கூடிய சிலவற்றில் 35. சின்ன பாரைப் பெரிய ஸ்டெம்மில் அதற்கென்றே செய்த ஷிம் என்ற மெல்லிய வளையம் வைத்து மாட்டலாம். பீர் டின்னை வெட்டி ஷிம் செய்யாதீர்கள். 26.0 மிமீ உள்ள பழைய ரோடு பாரை 25.4 ஸ்டெம்மில் நெம்பி நுழைக்கவும் வேண்டாம்.

அடுத்தது, ஸ்டெம் ஃபோர்க்கைப் பிடிக்கும் முறை. மேலே மூடியும் பக்கத்தில் இரண்டு போல்ட்டும் இருந்தால் த்ரெட்லெஸ், பெரும்பாலும் 28.6 மிமீ. ஸ்டெம்மின் தண்டு ஃபோர்க்குக்குள் இறங்கி, உச்சியில் ஒற்றை போல்ட் இருந்தால் அது குவில் ஸ்டெம். ஆரம்ப விலை வண்டிகளில் இதுதான். இதற்கு நீளத் தேர்வு குறைவு. 22.2 அல்லது 25.4 மிமீ தண்டுள்ள அடாப்டர் வாங்கி, அதன் மேல் சாதாரண ஸ்டெம்மை மாட்டலாம். தண்டில் குறைந்தபட்சம் உள்ளே இருக்க வேண்டிய அளவுக்கு ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு வெளியே தெரிந்தால் ஓட்டாதீர்கள்.

ஸ்டெம்மின் நீளத்தை ஃபோர்க் குழாயின் மையத்திலிருந்து பார் பிடிக்கும் வட்டத்தின் மையம் வரை அளக்க வேண்டும். வெளி விளிம்பிலிருந்து அளந்துவிட்டு "90 போட்டு 70 அனுப்பிவிட்டான்" என்று சண்டை போடுபவர்கள் உண்டு.

அப்புறம் கேபிள். பார் அகலமாகவோ உயரமாகவோ ஆனால் கேபிளும் ஹைட்ராலிக் ஹோஸும் எட்டாமல் போகலாம். புதிய பாரை மாட்டியதும் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். எந்த ஒயரும் விண்ணென்று இழுபடக் கூடாது. கேபிள் மாற்றுவது எளிது. ஹோஸ் மாற்றினால் ஆயில் விட்டுக் காற்றெடுக்க வேண்டும், அதைச் செய்யத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

நானே மாட்டலாமா?

தாராளமாக. ஒரு எல்-கீ செட்டும், முடிந்தால் போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஒரு டார்க் ரெஞ்சும் வேண்டும். பெரும்பாலான ஸ்டெம்களில் 4 முதல் 6 நியூட்டன் மீட்டர் என்று போல்ட்டுக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். லாரி பட்டறைக் கைகள் சைக்கிள் போல்ட்டை முறுக்கும்போது பயமாக இருக்கிறது. 5 நியூட்டன் மீட்டர் என்பது குட்டை எல்-கீயை இரண்டு விரலால் நன்றாக அழுத்துவது, அவ்வளவுதான்.

வரிசை முக்கியம். பக்க போல்ட் இரண்டையும் தளர்த்திய பிறகே மேல் மூடியைத் தொட வேண்டும். மேல் மூடியின் வேலை ஸ்டெம்மைப் பிடிப்பதில்லை, ஃபோர்க் திரும்பும் ஹெட்செட் பேரிங்கில் ஆட்டம் இல்லாமல் செய்வது மட்டும். மாட்டும்போது ஃபோர்க் குழாயின் உச்சி, அதன் மேல் வரும் ஸ்டெம் அல்லது ஸ்பேசரின் உச்சியைவிட 2, 3 மிமீ கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் மூடி குழாயில் முட்டி நிற்கும், ஆட்டம் போகாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், இன்னொரு கையின் விரலை ஹெட்செட் இணைப்பில் வையுங்கள். டக் டக் என்று விரலில் தட்டினால் மூடியைக் கால் சுற்று முறுக்குங்கள். தட்டுவது நின்றதும் நிறுத்திவிடுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கினால் பார் தானாக ஒரு பக்கம் திரும்பி விழ வேண்டும். அதன் பிறகு சக்கரத்துக்கு நேராக ஸ்டெம்மைப் பார்த்து வைத்து, பக்க போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

பாரைப் பிடிக்கும் முன்தகட்டின் நான்கு போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மேல் இடைவெளியை முழுக்க மூடச் சொல்லி எழுதியிருக்கும் ஸ்டெம்களும் உண்டு, அதில் எழுதியபடி செய்யுங்கள்.

முடிந்ததும் சக்கரத்தைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு பாரைத் திருப்பிப் பாருங்கள், கீழ்நோக்கி முழு எடையையும் போட்டு அழுத்திப் பாருங்கள். அசையக் கூடாது.

ஓசூரில் தெரிந்த லேத் பட்டறை இருக்கிறது. ஸ்டெம்மை நானே கடைந்துகொள்ளலாமா? பழைய பாரை வளைத்து எடுக்கலாமா?

ஓசூரில் ஆகாத லேத் வேலை இல்லை என்பது சரிதான். ஸ்பேசர் கடைந்து வாங்குங்கள், கிரிப்பின் மூடி கடைந்து வாங்குங்கள். ஸ்டெம்மும் பாரும் வேண்டாம். இவை பெரும்பாலும் சூடுபடுத்திப் பதப்படுத்திய அலுமினியம். வெல்டிங் வைத்தால் அந்த இடத்தைச் சுற்றிப் பதம் போய்விடும், பார்வைக்குத் தெரியாது. விழுந்து வளைந்த பாரை நெம்பி நேராக்கினாலும் இதே கதி. அது ஒரு நாள் திடீரென்று, கையில் முழு எடை இருக்கும்போதுதான் முறியும். விழுந்து வளைந்தது குப்பைக்குத்தான்.

கார்பன் பார் அதிர்வைக் குறைக்குமாமே?

கொஞ்சம் குறைக்கும். அதே காசுக்கு நல்ல டயரும் நல்ல கிரிப்பும் வாங்கினால் அதைவிட அதிகம் குறையும். கருங்கல் பாறைகள் துருத்தி நிற்கும் இந்தப் பகுதிப் பாதைகளில் விழுவது சகஜம். கார்பனில் உள்விரிசல் வெளியே தெரியாது, பெரிதாக விழுந்தால் மாற்றியே ஆக வேண்டும். வாங்கினால் கார்பன் பேஸ்ட் பூசி, டார்க் ரெஞ்ச் வைத்து மட்டுமே இறுக்குங்கள்.

புதிய பாரையும் ஸ்டெம்மையும் எங்கே ஓட்டிப் பார்ப்பது?

முதல் நாளே மலைக்குப் போகாதீர்கள். கிருஷ்ணகிரி அணைப் பக்கமோ, உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ மட்டமான ரோட்டில் ஒரு மணி நேரம். எல்-கீயைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாரைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, மணிக்கட்டுக்கு எது சுகம் என்று பாருங்கள். பின்வளைந்த பாரில் இரண்டு, மூன்று டிகிரி உருட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும். திரும்பி வந்ததும் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

அதன் பிறகு ஒரு நீண்ட ஏற்றம், ஒரு நீண்ட இறக்கம். தருமபுரிக்காரர்களுக்கு வத்தல்மலை, அரூர்ப் பக்கம் சித்தேரி. கிருஷ்ணகிரிக்காரர்கள் பெட்டமுகிலாளம் ஏறலாம். தொப்பூர் கணவாயைச் சோதனைக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். சேலம் நெடுஞ்சாலையில் பிரேக் பிடிக்காத லாரிகள் இறங்கிவரும் இடம் அது, எந்த ஹேண்டில்பாரும் அதற்கு உதவாது. அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் போகும் ரோடு அழகுதான். ஆனால் அது யானைக் காடு. 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பகுதிகள் அந்தப் பக்கம்தான். பொது ரோட்டை விட்டுக் காட்டுப் பாதையில் இறங்க வனத்துறையின் அனுமதி வேண்டும். காலை வெளிச்சம் நன்றாக வருவதற்கு முன்னும் மாலை மங்கிய பிறகும் ரோட்டில்கூடப் போகாதீர்கள்.

ஏற்றத்தில் கவனிக்க வேண்டியது: உட்கார்ந்தபடியே செங்குத்தான இடத்தில் முன்சக்கரம் தரையில் நிற்கிறதா? எழுந்து மிதிக்கும்போது முழங்கால் இடிக்கிறதா? நிற்கவில்லை, இடிக்கிறது என்றால் ஸ்டெம் குட்டை. இறக்கத்தில் கவனிக்க வேண்டியது: முழங்கை மடங்கி இருக்கிறதா, நீண்டு விறைத்து நிற்கிறதா? பின்னால் நகரக் கை எட்டாமல் விறைத்தால் ஸ்டெம் நீளம், அல்லது பார் தாழ்வு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பார், ஸ்டெம், சீட் மூன்றையும் ஒரே நாளில் நகர்த்தினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஸ்டெம்முக்குப் பதிலாக சீட்டை முன்னால் பின்னால் தள்ளிச் சரிசெய்யக் கூடாதா?

கூடாது. சீட்டின் இடம் முழங்காலுக்கும் பெடலுக்கும் உள்ள கணக்கு. கைக்காக அதை நகர்த்தினால் வலி மணிக்கட்டிலிருந்து முட்டிக்கு இடம் மாறும்.

பல நீள ஸ்டெம் வாங்கிப் பார்க்கக் காசில்லை. என்ன செய்வது?

வண்டி ஓட்டும் நான்கு பேரிடம் கேளுங்கள். கழற்றி வைத்த 31.8 ஸ்டெம் ஒன்றாவது எல்லோர் வீட்டு டப்பாவிலும் கிடக்கும். கடனாக வாங்கி ஓட்டிப் பார்த்து, நீளம் முடிவான பிறகு அந்த அளவில் புதிதாக ஒன்று வாங்குங்கள். சாய்வை மாற்றிக்கொள்ளும் அட்ஜஸ்டபிள் ஸ்டெம் மலிவாகக் கிடைக்கிறது. உயரம் தேட அது வசதி, ரோட்டில் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அதையே நிரந்தரமாக வைத்துக்கொண்டு மண்ணில் இறங்க வேண்டாம், அந்த மூட்டு ஆடத் தொடங்கும். கடனாக வாங்கும் ஸ்டெம்மின் முன்தகட்டைக் கழற்றி, போல்ட் மரை தேய்ந்திருக்கிறதா, துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். துருப்பிடித்த போல்ட் இருந்தால், அதே அளவு ஸ்டீல் போல்ட் வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது புதிய போல்ட்டோடே கொடுத்துவிடலாம்.